யானைக் கூட்டத்துத் தலைக்கட்டு

ஈச்சம்பள்ளத்தில் மூச்சு விடுகிறவர்களெல்லாம் ஆள் கணக்கில் வந்துவிட மாட்டார்கள். ஆள் கணக்கில் வருவதற்கு முதலில் ஆணாகப் பிறக்க வேண்டும், பிறகு கல்யாணம் கட்ட வேண்டும், பிறகு அப்பனோடு சண்டை போட்டுப் பிரிந்துபோய் அடுப்புக்கல் மூன்றைத் தனியாகப் போட வேண்டும், அதற்கப்புறம் பங்குனி மாதம் மாரியம்மன் நோன்பித் திருவிழாவுக்குப் பூச்சாட்டித் தொடங்குகிற செவ்வாய்க்கிழமை காலையில் கோயில் வாசலில் ஊர்த்தலைவரான பெரியதனக்காரர் பட்டியலை விரித்துப் பெயரை வாசிக்கும்போது ஓரடி முன்னால் வந்து நின்று வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ள வேண்டும். இத்தனையும் நடந்தால் அவன் ஒரு தலைக்கட்டு. ஊர்க்கூட்டத்தில் பேசலாம், பொங்கலில் பங்கு கேட்கலாம், ஊர் நத்தத்தில் வீடு கட்டிக்கொள்ளலாம், அடுத்தவன் பேசும்போது குறுக்கே இருமலாம். புருஷன் செத்து மகனிருந்தால் பெண்ணும் அரைத் தலைக்கட்டு ஆவாள், மகனுக்குக் கல்யாணமாகும் வரைக்கும். மகனும் இல்லையென்றால் அவள் சும்மா, அதாவது மூச்சு மட்டும் விட்டுக்கொள்ளலாம்.

ஊரில் மொத்தம் அறுபத்து மூன்று தலைக்கட்டு. நாயன்மார்களும் அறுபத்து மூவர்தான் என்பதில் ஊருக்கு ஒரு பெருமை உண்டு, ஒற்றுமை அந்த எண்ணோடு சரி.

பாவாத்தாளின் புருஷன் சாமியப்பன் குடிக்காமல் வண்டி ஓட்டிய ஒரே ஒரு நாளில் லாரியில் மோதிச் செத்தான். “குடிச்சிருந்தா மெதுவாப் போயிருப்பான், பொழச்சிருப்பான்” என்று எழவுக்கு வந்தவர்கள் ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். பிள்ளைகள் இல்லை. செத்தவன் பெயரை மூன்று நோன்பிக்கு வாசிப்பது ஊர் வழக்கம்; யாரும் முன்னால் வர மாட்டார்கள், பெரியதனக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அடுத்த பெயருக்குப் போவார். நான்காவது நோன்பியில் அந்தத் தலைக்கட்டு அணைந்துபோயிற்று என்று கோடு போட்டுவிடுவார்கள். தலைக்கட்டு அணைந்தால் மனையும் போயிற்று. ஆனால் பொம்பளையை அப்படியே தெருவில் விட்டுவிட முடியுமா, ஊர் என்ன ஈவிரக்கம் இல்லாததா? சொந்தத்தில் ஒருவர் தன்னுடைய வெற்றிலையைக் கோயில் வாசலில் அவள் கையில் வைத்துத் தன் தலைக்கட்டோடு ஒட்டிக்கொள்வார். அதற்கு ஒட்டு வெற்றிலை என்று பெயர். வாங்கிய நிமிஷத்திலிருந்து அவளும் அவள் வீடும் சட்டியும் பானையும் வெற்றிலை கொடுத்தவருடையவை.

பாவாத்தாளுக்கு வெற்றிலை கொடுக்கக் கொழுந்தன் பொங்கியண்ணன் மூன்று வருஷமாக ஆசையோடு காத்திருந்தான். அவளுடைய வீடு இரண்டு அறையும் ஆசாரம் என்கிற முன்கூடமும் உள்ள ஓட்டு வீடு. செங்கல்லில் பாதியை அவளே தலையில் சுமந்து கட்டியது. அதில் மஞ்சள் மூட்டை அடுக்கினால் எத்தனை அடுக்கலாம் என்று அவன் ஏற்கெனவே நூல் பிடித்துப் பார்த்துவிட்டான். அவளுக்கும் இடம் ஒதுக்கியிருந்தான், மாட்டுச்சாளைக்குப் பக்கத்துச் சாய்ப்பில். “நங்கையாளுக்குக் காத்தோட்டமா இருக்கும்” என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். அண்ணன் பெண்டாட்டியை அந்தப் பக்கத்தில் நங்கையாள் என்றுதான் சொல்வார்கள். இந்தப் பங்குனி நான்காவது நோன்பி.

பாவாத்தாளுக்கு வனத்துறையில் தற்காலிக வாட்சர் வேலை. சாமியப்பன் பார்த்த வேலையை இரக்கப்பட்டு அவளுக்குக் கொடுத்தார்கள். காலையில் காக்கிச் சட்டையைச் சேலைக்கு மேலே மாட்டிக்கொண்டு ஊருக்கு மேற்கேயிருக்கும் காப்புக்காட்டுக்குள் போவாள், பொழுது சாய வருவாள். யானை லத்தியைக் காலால் புரட்டிப் பார்த்து, இது நேற்றையது, இது முந்தாநாளையது, இதைப் போட்டவருக்கு வயிறு சரியில்லை என்று சொல்லத் தெரியும். காட்டில் எந்த யானைக்குக் காது கிழிந்திருக்கிறது, எந்தக் காட்டெருமைக்குக் கொம்பு வளைந்திருக்கிறது என்பதெல்லாம் அத்துப்படி.

மாசி மாதக் கடைசியில் பெரிய விலங்குகள் கணக்கெடுப்பு வந்தது. மூன்று நாள் வேலை: முதல் நாள் காட்டுக்குள் நடந்து கண்ணில் படுகிறதை எண்ணுவது, இரண்டாம் நாள் நேர்கோடாக நடந்து லத்தியை எண்ணுவது, மூன்றாம் நாள் தண்ணீர்க் குட்டைக்கு மேலே பரணில் உட்கார்ந்து குடிக்க வருகிறதை எண்ணுவது. அதற்கான படிவம் இந்தத் தடவை தமிழிலேயே அச்சாகி வந்திருந்தது. தமிழில் அச்சடிக்கத் தெரிந்தவருக்குத் தமிழும் தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டமில்லை. ‘இனம்’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ‘தலை எண்ணிக்கை’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘தலைக்கட்டு எண்ணிக்கை’ என்று இருந்தது. தலை என்று மட்டும் போட்டால் மொட்டையாக இருக்கிறதே என்று யாரோ ஒரு புண்ணியவான் நினைத்திருக்கலாம்.

பாவாத்தாள் படிவத்தை எடுத்துக்கொண்டு ரேஞ்சர் எட்வினிடம் போனாள். அவர் பட்டணத்துக்காரர்.

“ஏனுங்க சார், இது தலைங்களா, தலைக்கட்டுங்களா?”

“ரெண்டுக்கும் என்னம்மா வித்தியாசம்?”

“நெம்ப வித்தியாசமுங்க. எனக்குத் தலை இருக்குதுங்க, தலைக்கட்டு இல்லீங்க.”

ரேஞ்சர் அவள் தலையை ஒரு தடவை பார்த்தார். “அச்சடிச்சு மேலேர்ந்து வந்திருக்கு. அதுல என்ன இருக்கோ அதை நிரப்பு. கேள்வி கேக்கறதுக்குத் தனிப் படிவம் இருக்கு, அது தீந்துபோச்சு” என்றார்.

முதல் நாளும் இரண்டாம் நாளும் ஒரு சிக்கலும் வரவில்லை. கூட வந்த வாட்சர் குழந்தையப்பன் இருபது வருஷ அனுபவசாலி. டீக்கடையில் உட்கார்ந்தே லத்தி எண்ணுகிற அளவுக்குக் கைதேர்ந்தவர். மூன்றாம் நாள் விடியும்போதே மருத மரத்துப் பரணில் ஏறியவர், காட்டு மிருகங்களுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டார். ஆகவே நடந்ததைப் பார்த்தது பாவாத்தாள் ஒருத்திதான்.

வெயில் ஏறியதும் யானைகள் வந்தன. பதினொன்று. தும்பிக்கையால் உறிஞ்சி, குட்டிகளை நனைத்து, சேற்றை வாரி முதுகில் போட்டுக்கொண்டிருந்தன. தலையை எண்ணுவது ஒரு வேலையா, எண்ணிவிட்டாள். தலைக்கட்டை எப்படி எண்ணுவது? அவளுக்குத் தெரிந்த ஒரே வழி ஊர் வழி. பரணிலிருந்து கழுத்தை நீட்டி, பெரியதனக்காரர் கேட்கிற அதே ராகத்தில், “ஏனுங்க, இதுல தலைக்கட்டு ஆருங்க?” என்று கேட்டாள். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பதினொன்றும் தும்பிக்கையைத் தொங்கவிட்டன. இடது காது கிழிந்த கிழட்டுப் பெண் யானை, குட்டிகளைக் காலால் ஒதுக்கிவிட்டு, ஓரடி முன்னால் வந்து நின்றது. ஓரடிதான், கூடவும் இல்லை குறையவும் இல்லை. அவள் எழுதி முடிக்கும் வரைக்கும் அப்படியே நின்று, “செரிங்க, போலாமுங்க” என்ற பிறகுதான் தண்ணீருக்குத் திரும்பியது.

அதற்குப் பிறகு வேலை சுலபமாகிவிட்டது. அன்றைக்கு யானையில் மூன்று கூட்டம் வந்தது, காட்டெருமையில் ஐந்து, கடமானில் எட்டு, குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு கரடி இரண்டு. கேட்கக் கேட்க ஒவ்வொன்றிலும் ஒன்று ஓரடி முன்னால் வந்தது. மத்தியானம் ஒரு கொம்பன் யானை தனியாக வந்து, யாரும் கேட்காமலே ஓரடி முன்னால் வைத்து மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றது. பாவாத்தாளுக்குச் சங்கடமாகப் போய்விட்டது.

“சாமி, கோவிச்சுக்காதீங்க. உங்களுக்குக் குடும்பம் எதும் கூட இல்லீங்களே. தனிக்கட்டைக்குத் தலைக்கட்டுக் கெடையாதுங்க. எங்கூர்ச் சட்டமுங்க, நான் போட்டதில்லீங்க.”

கொம்பன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனது. சாயங்காலம் வந்த சிறுத்தைக்கும் அதே பதில்தான். அது கேட்காதது போலத் தண்ணீர் குடித்துவிட்டுப் போயிற்று. பொழுது இறங்கியபோது பதினெட்டு தலைக்கட்டு எழுதியிருந்தாள். பதினெட்டில் பதினெட்டும் பெண். பேனாவை மூடும்போதுதான் அது அவளுக்கு உறைத்தது. பரணில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள், அப்புறம் குழந்தையப்பனை எழுப்பிக் கையெழுத்து வாங்கினாள்.

அரசாங்கத்தில் காகிதம் தப்பான வழியில் போவதென்றால் மட்டும் தாமதமே ஆகாது. தலைக்கட்டு என்று இருந்ததால் படிவம் கிராம அலுவலகத்துக்குப் போனது. அங்கே இருந்தவர், இது ஊர்ச் சமாச்சாரம் என்று முத்திரை குத்திப் பெரியதனக்காரர் சென்னியப்பனுக்கு அனுப்பினார். முத்திரை இருக்கிற காகிதத்தை மறுக்கிற வழக்கம் சென்னியப்பனின் பரம்பரையில் இல்லாததால், அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அறுபத்து மூன்றுக்குக் கீழே பதினெட்டையும் பெயர்த்து எழுதினார். எழுதும்போது யானை என்று இருந்ததை அவர் கவனிக்காமல் இல்லை. ஊரில் கரடியாட்டம் நாலு பேரை ஏற்கெனவே வைத்துக் காலம் தள்ளியவர் அவர்.

பூச்சாட்டுச் செவ்வாய்க்கிழமை காலையில் அவை வந்தன. மேற்கு வண்டிப்பாதை வழியாக, முன்னால் யானைகள், பின்னால் காட்டெருமைகள், அதற்குப் பின்னால் கடமான்கள் கூச்சத்தோடு, கடைசியாகக் கரடிகள். வருகிற வழியில் ஒரு வேலியைக்கூட மிதிக்கவில்லை. கோயில் வாசலில் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் வரிசையாக நின்றன.  பிறகு முன்வரிசையிலிருந்து ஒருவர், புதிதாக ஊருக்குள் யார் வந்தாலும் முதலில் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

“அது செரி, இவிங்க என்ன கூட்டம்?”

அந்த ஊரில் கூட்டம் என்றால் குலம். ஆந்தைக் கூட்டம், காடைக் கூட்டம் என்று பறவையின் பேரில் இருக்கும். கூட்டம் தெரியாதவனுக்குத் தண்ணீர்கூடச் சற்று யோசித்துத்தான் கொடுப்பார்கள். பெரியதனக்காரர் காகிதத்தைப் பார்த்தார். அதில் பாவாத்தாளின் கையெழுத்தில் தெளிவாக இருந்தது.

“யானைக் கூட்டம்” என்றார்.

கேட்டவருக்குத் திருப்தியாகிவிட்டது. ஆந்தைக்கே ஒரு கூட்டம் இருக்கும்போது யானைக்கு இருக்கக் கூடாதா? காட்டெருமைக் கூட்டம், கடமான் கூட்டம், கரடிக் கூட்டம் என்று வாசிக்க வாசிக்க ஒவ்வொருவராகத் தலையை ஆட்டினார்கள். கரடிக் கூட்டத்துக்காரர்கள் ஒரு காலத்தில் தெற்கே பெரிய பண்ணையமாக இருந்தவர்கள் என்று ஒரு கிழவர் நினைவுபடுத்திச் சொன்னார். எந்தக் கூட்டம் எந்தக் கூட்டத்தோடு கொள்வினை கொடுப்பினை வைத்துக்கொள்ளலாம் என்ற பேச்சுகூடப் பின்வரிசையில் ஆரம்பித்துவிட்டது.

ஏற்றுக்கொள்வதற்கு இன்னொரு காரணமும் இருந்தது, அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பக்கத்து ஊர் பாலத்துக்காட்டுக்கும் ஈச்சம்பள்ளத்துக்கும் சேர்த்து ஒரே தேர். தலைக்கட்டு அதிகமுள்ள ஊர்தான் முன்வடம் பிடிக்கும். பாலத்துக்காட்டில் எழுபது, அதனால் எத்தனையோ வருஷமாக ஈச்சம்பள்ளத்து ஆண்கள் பின்வடத்தைப் பிடித்துக்கொண்டு பாலத்துக்காட்டாரின் முதுகைப் பார்த்தபடி தேர் இழுத்தார்கள். அறுபத்து மூன்றும் பதினெட்டும் எண்பத்தொன்று என்பது கணக்கில் தோற்றவனுக்கும் தெரியும். அதற்கப்புறம் யானை அந்நியம் என்று சொல்ல ஒருத்தனுக்கும் நாக்கு வரவில்லை.

ஊர் மும்முரமாகியது. மனுஷனுக்கு இரண்டு வெற்றிலை என்றால் யானைக்கு எத்தனை என்று ஒரு விவாதம் நடந்து, ஒரு கவுளி, அதாவது நூறு வெற்றிலைக் கட்டு, என்று முடிவானது. பூசாரி மஞ்சள் தண்ணீரைத் தெளிக்க எழும்பிப் பார்த்து எட்டாமல், யானையையே குடத்தில் உறிஞ்சி ஊற்றிக்கொள்ளச் சொன்னார்; அது தன் மேலும் அவர் மேலும் சமமாக ஊற்றியது. மூப்புப்படி முதல் மரியாதை காது கிழிந்த கிழட்டு யானைக்குப் போனது. போன வருஷம் வரைக்கும் முதல் மரியாதைக்காக வெட்டுக்குத்து வரைக்கும் போன இரண்டு பங்காளிகளும் கையைக் கட்டிக்கொண்டு, பெருந்தன்மையாக ஒதுங்கி நின்றார்கள். காட்டெருமைகள் வாசலில் கட்டியிருந்த வாழைமரத்தையும் தோரணத்தையும் தின்றதைப் பற்றி மட்டும் லேசான முணுமுணுப்பு இருந்தது. வாசித்த பெயருக்கெல்லாம் ஓரடி முன்னால் வந்து அவை ஒழுங்காக வெற்றிலை வாங்கிக்கொண்டதைப் பார்த்து, நம்ம ஊர்ப் பசங்களுக்கு இந்த மரியாதை தெரியுமா என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள்.

எண்பத்தொன்றும் முடிந்த பிறகு பெரியதனக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

“சாமியப்பன் தலைக்கட்டு இந்த நோன்பியோட அணையுது. அவன்ற சம்சாரத்தை ஒட்டிக்கறது ஆரு?”

பொங்கியண்ணன் வெள்ளை வேட்டி சட்டையில் தயாராக நின்றிருந்தான். “நாந்தானுங்க. என்னைய உட்டா நங்கையாளுக்கு ஆரிருக்கறாங்க?” என்று குரலைத் தழதழக்க வைத்து வெற்றிலையை நீட்டினான்.

பாவாத்தாள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். 

“எனக்கு ஒட்டு வேண்டாங்க. என்ற பேரைத் தலைக்கட்டா எழுதுங்க. அது நான் கட்டுன ஊடு.”

“பொம்பளைக்கு ஏதாயா தலைக்கட்டு? புதுசாப் பேசறே?” என்றார் பெரியதனக்காரர்.

“புதுசு இல்லீங்க. இத்தன நேரம் நீங்க வெத்தல குடுத்தீங்களே, பதினெட்டும் பொம்பளதானுங்க.”

 நம்பாத சிலர் குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டார்கள். வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றிருந்த பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வந்து, உடனே இருமலாக மாறியது. இப்போது ஊர் இரண்டில் ஒன்று செய்தாக வேண்டும்: ஒன்று பாவாத்தாளை எழுத வேண்டும், இல்லையென்றால் யானையிடம் போய், நீ பொம்பளை, வெளியே போ என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லக்கூடிய ஆம்பளை அந்த அறுபத்து மூன்றில் ஒருத்தன்கூட இல்லை. பெரியவர்கள் ஐந்து பேர் கோயிலுக்குப் பின்னால் போய் மூக்குப்பொடி போட்டு யோசித்தார்கள். திரும்பி வந்தபோது அவர்கள் முகத்தில் தெளிவு இருந்தது.

“யானை பொம்பளையில்ல” என்றார் பெரியதனக்காரர். “யானை யானைதான். சட்டம் மனுசப் பொம்பளைக்கு மட்டும்.”

என்ன தீர்ப்பு, என்ன தீர்ப்பு என்று கூட்டம் பூரித்தது. காகிதத்தில் கைவலிக்க எழுதி எல்லாரையும் ஊருக்குள் சேர்த்தவளைத் தவிர மற்ற எல்லாரும் ஊரில் சேர்ந்தாயிற்று. பாவாத்தாளுக்கு அவமானத்தைவிட ஆத்திரம்தான் பெரிதாக இருந்தது. மூன்று வருஷம் வாசித்த பெயருக்கு மூன்று வருஷமும் ஓரமாக நின்று தலையைக் குனிந்துகொண்டிருந்தோமே, அதற்கு இந்தக் கூலியா என்று நினைத்தாள். பொங்கியண்ணன் வெற்றிலையோடு இன்னும் கிட்டே வந்தான்.

அவள் அவனைச் சுற்றிக்கொண்டு நேரே நடந்து, காது கிழிந்த யானைக்கு முன்னால் போய் நின்றாள்.

“ஆத்தா, என்னை ஒட்டிக்குவீங்களா?”

“அதெப்படிச் செல்லும்?” என்று பொங்கியண்ணன் கத்தினான். “ஒட்டுன்னாச் சொந்தம் இருக்கோணுமில்ல?”

“சொந்தந்தானுங்க கொழுந்தனாரே” என்றாள் பாவாத்தாள், யானையைப் பார்த்தபடியே. “உங்கண்ணன் செத்து மூணு வருசத்துல என்ற ஊட்டு வாசல்ல ஒரு ஒறம்பரை வந்து நின்னதில்ல. இவிங்க வாரத்துக்கு ரெண்டு தடவ வந்து, நின்னு, வாழையத் தின்னுபோட்டுப் போயிருக்கறாங்க. இதுக்கு மேல என்ன சொந்தம்?”

கிழட்டு யானை தும்பிக்கையில் பிடித்திருந்த ஒரு கவுளி வெற்றிலையையும், ஒரு இலைகூடச் சிந்தாமல், அவள் இரண்டு உள்ளங்கையிலும் வைத்தது. அவள் வெற்றிலையை மடியில் கட்டிக்கொண்டாள். யானைக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒட்டு வெற்றிலையை யார் கொடுக்கலாம் என்று சட்டத்தில் தேடினார்கள். தலைக்கட்டு கொடுக்கலாம் என்று மட்டும்தான் இருந்தது. தலைக்கட்டுக்கு எத்தனை கால் இருக்க வேண்டும் என்று முன்னோர்கள் சொல்லி வைக்கவில்லை. பெரியதனக்காரர் வேறு வழியில்லாமல் எழுதினார்: யானைக் கூட்டம், முதல் தலைக்கட்டு, உருப்படி பன்னிரண்டு.

அந்த வருஷம் ஈச்சம்பள்ளம் முன்வடம் பிடித்தது. உண்மையைச் சொன்னால் மூன்று யானைகள் பிடித்தன, அறுபத்து மூன்று பேரும் வடத்தைத் தொட்டுக்கொண்டு ஓடினார்கள், தேர் வழக்கமாக ஒரு பொழுது சுற்றி வருகிற வீதியைக் கால் மணி நேரத்தில் சுற்றி வந்து அம்மனுக்கே தலை கிறுகிறுத்திருக்கும். பாலத்துக்காட்டார் வாயைப் பிளந்து பார்த்ததைப் பற்றி ஈச்சம்பள்ளத்து டீக்கடையில் சித்திரை முடியப் பேச்சு ஓடியது. ஊர்க்கூட்டம் நடக்கிற நாட்களில் கரடிகள் முன்கூட்டியே வந்து உட்கார்ந்தன. குறுக்கே பேசாத உறுப்பினர்கள் என்று நல்ல பெயர் வாங்கின. பாவாத்தாளின் வாழையை யானைகள் இப்போது உரிமையோடு பகலிலேயே வந்து தின்றன. அவளைத் தெருவில் பார்க்கிறவர்கள் முன்பு மூக்கைச் சுளிப்பார்கள், சகுனம் சரியில்லை என்பார்கள். இப்போது சற்று ஒதுங்கி வழிவிட்டார்கள். கூட்டத்தை விசாரிக்காமல் யானையை உரசிக்கொண்டு போகிறவர்கள் யார்?

வைகாசியில் ரேஞ்சர் எட்வின் ஜீப்பில் வந்து இறங்கினார். கையில் மேலிடத்துக் கடிதம். படிவத்தில் அச்சுப்பிழை நேர்ந்துவிட்டது, தலைக்கட்டு என்பதைத் தலை என்று திருத்தி வாசித்துக்கொள்ளவும், ஈச்சம்பள்ளம் பட்டியலிலிருந்து விலங்குகளை உடனே நீக்கவும் என்று இருந்தது. பெரியதனக்காரர் கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நீக்கறதுங்களா? அம்மன் முன்னால வெத்தல குடுத்தாச்சுங்க சார்.”

“அது தப்பா அச்சாயிடுச்சுங்க. யானை எப்படிங்க தலைக்கட்டாகும்?”

“தப்பா அச்சானதுக்கு நாங்க என்னங்க பண்றது? அப்ப மேலேர்ந்து வந்ததுன்னு பாவாத்தாகிட்ட இருக்கறபடி நெரப்பச் சொன்னீங்களாமா. இப்பவும் மேலேர்ந்துதான் வந்திருக்குதுங்கறீங்க. மேல எத்தன பேருங்க இருக்கறாங்க?” என்றார் பெரியதனக்காரர். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “அடுத்த பங்குனிக்குப் பாலத்துக்காட்டுல ஆறு கல்யாணம் நிச்சயமாயிருக்குது, ஆறும் தனியா அடுப்புப் போடப் போறாங்களாமா. எழுபத்தாறு ஆயிருவாங்க. நீங்க நெனைக்கிற மாதிரி இது சின்ன விசயமில்லீங்க” என்றார்.

ஊர் ஒரே குரலில் மறுத்துவிட்டது. யானைகளுக்கு அநீதி நடக்க விட மாட்டோம் என்று பேசினார்கள். பேசியதில் பலருக்குக் கண் கலங்கியது. பாவாத்தாளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பன்னிரண்டாவது உருப்படி என்பதால் அவளும் அதோடு காப்பாற்றப்பட்டாள்.

பொங்கியண்ணனுக்கு மட்டும் அந்தக் கடிதத்தில் நம்பிக்கை இருந்தது. அதன் நகலை எப்படியோ வாங்கிக்கொண்டு மறுநாள் காலை அவள் வீட்டுக்கு வந்தான். மாட்டுவண்டியில் மஞ்சள் மூட்டையும் ஏற்றி வந்திருந்தான், வந்த வேலை ஒரே நடையில் முடியட்டும் என்று. பாவாத்தாள் வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்தாள்.

“நங்கையா, போதும் இந்தக் கூத்து. படிச்சுப் பாருங்க, கவர்மெண்டே சொல்லிருச்சு. யானை தலைக்கட்டு இல்ல. நீங்களும் யானை இல்ல. மரியாதையா ஊட்டை உடுங்க.”

“ஊர் அந்தக் காயிதத்த ஒத்துக்கலீங்களே.”

“ஊருக்கென்ன, முன்வடம் வேணும், அதுக்காகக் கழுதையையும் சேத்துக்கும். உங்களுக்கு வெக்கமாயில்லையா? ஒரு நல்ல குடும்பத்துல வாக்கப்பட்டு வந்துபோட்டு, யானையோட யானையா, உருப்படியோட உருப்படியா பேரெழுதி வெச்சிருக்கறாங்க. தெருவுல ஆருகிட்ட வேண்ணாலும் கேளுங்க, இப்ப உங்களை ஒரு மனுசியாவே ஆரும் மதிக்கறதில்ல!”

பாவாத்தாள் வாளியைக் கீழே வைத்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து, அவனையும் அவன் வண்டியையும் மூட்டைகளையும் நிதானமாக ஒரு தடவை பார்த்தாள்.

“நெசந்தானுங்க” என்றாள். “மனுசியா இருந்த வரைக்கும் எனக்கு ஊடு இல்ல. இப்ப இருக்குது.”